சமயமா, வழக்கமா? ஷிண்டோ தொழிற்சடங்குகளும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானிய நிறுவனங்கள் பல தொழிற்சாலைகளை அமைத்துள்ள ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி, தமிழர் வழிபாட்டு மரபும் ஜப்பானியப் பண்பாடும் அடுத்தடுத்து நிற்கும் களமாகும். நிலத்தைத் தொடங்குதல், கருவியைப் போற்றுதல் என்னும் இரு செயல்களை மையமாகக் கொண்டு ஷிண்டோ மரபையும் தமிழ் மரபையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இரண்டிலும் சடங்குகள் கோட்பாட்டை ஏற்பதைச் சாராமல் இடம், பொருள், செயல் ஆகியவற்றைச் சார்ந்து அமைகின்றன. இவை ‘சமயம் அன்று, வழக்கம்’ எனக் கூறப்படுவதற்கு இவ்வமைப்பே அடிப்படை. எனினும், அக்கூற்று ஜப்பானிய வரலாற்றில் கட்டாயத்தின் கருவியாகவும் பயன்பட்டது. ஆகவே, ஒரு சடங்கு சமயமா வழக்கமா என்னும் வினாவோடு, அதிலிருந்து ஒருவர் விலகி நிற்க இயலுமா என்னும் வினாவையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஷிண்டோ, கமி, அணங்கு, கால்கோள், ஜிச்சின்சாய், வாள்மங்கலம், ஆயுத பூசை, வழக்கம்

1. முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களைச் சிப்காட் நிறுவனம் தொழிற்பூங்காக்களாக வளர்த்தெடுத்தது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. கனரக எந்திரங்களைச் செய்யும் கோமாட்சு நிறுவனமும் ஒரகடத்தில் ஆலை நடத்துகிறது. வல்லம் வடகாலில் யமஹா நிறுவனத்தின் இருசக்கர வண்டி ஆலை 2015இல் உற்பத்தியைத் தொடங்கியது. இவற்றோடு உதிரிப்பாகம் செய்யும் ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் இப்பகுதிக்கு வந்தன.

இப்பகுதியின் பழைய அடையாளம் வேறு. ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் பிறந்த ஊர். மரபுவழிக் கணக்கில் அவர் பிறந்த ஆண்டு 1017. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள இராமாநுசரின் திருவுருவம், அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர் உகந்து ஏற்றது என்னும் நம்பிக்கையால் ‘தானுகந்த திருமேனி’ எனப் போற்றப்படுகிறது. கோயிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலோ ஏரிக்கரை ஐயனாரும் எல்லைத் தெய்வங்களும் செல்லியம்மன், கங்கையம்மன் முதலிய ஊர்த்தெய்வங்களும் வழிபடப்பெறுகின்றனர். ஆசிரியர், நூல், குருபரம்பரை, தத்துவம் ஆகியவற்றால் அமைந்த சமயம் ஒன்றும், அவை எவையும் இன்றி இடத்தோடும் ஊரோடும் பிணைந்த வழிபாடும் இங்கு ஒரே நிலப்பரப்பில் உள்ளன. ஷிண்டோவைத் தமிழில் விளக்க முற்படுவோர்க்கு இவ்விரண்டாம் வகையே பொருத்தமான ஒப்பீட்டுக் களம்.

தமிழ் – ஜப்பானிய ஒப்பீடு புதியதன்று. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919 – 2008) இருமொழிகளுக்கும் உறவு உண்டு எனக் கருதி, சொற்களோடு பொங்கல் விழாவையும் ஜப்பானியச் சிறுபுத்தாண்டு வழக்கங்களையும் ஒப்பிட்டார். யாழ்ப்பாணத்து அறிஞர்களாகிய அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு இணைந்து ஆராய்ந்தனர். அவ்வுறவுக் கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இக்கட்டுரை அவ்வழியில் செல்லாது. இரு மரபுகளுக்கும் பொதுமூலம் தேடாமல், ஒத்த தேவைகளுக்கு அவை எவ்வாறு விடை கண்டன என்பதை மட்டுமே ஒப்பிடுகிறது. ஒற்றுமை உறவைக் காட்டாது என்பதே இங்குக் கொள்ளப்பட்ட நெறி.

2. சொல்லும் பொருளும்

‘ஷிண்டோ’ என்னும் சொல் தெய்வம், நெறி என்னும் பொருளுடைய இரு சீன எழுத்துகளால் எழுதப்படுவது. கி.பி. 720இல் தொகுக்கப்பட்ட ‘நிஹோன் ஷோகி’ என்னும் வரலாற்று நூலில் இச்சொல் காணப்படுகிறது. தெய்வக் கதைகளைக் கூறும் ‘கொஜிகி’ 712இல் தொகுக்கப்பட்டது. இவ்விரு நூல்களும் தொன்மங்களையும் அரச மரபையும் உரைக்கின்றன. ஏற்கவேண்டிய கொள்கைகளை அவை வகுக்கவில்லை. ஷிண்டோவுக்கு நிறுவனர் இல்லை. எல்லாரும் ஒப்புக்கொள்ளவேண்டிய நம்பிக்கை அறிக்கையும் இல்லை.

ஷிண்டோ மாறாத தொல்சமயம் என்னும் கருத்தும் மறுபார்வைக்கு உள்ளாயிற்று. புத்தத்தினின்று பிரிந்த தனிச்சமயமாக ஷிண்டோ எப்போதும் இருந்தது என்பது நவீன காலத்தில் உருவான பார்வை என்று வரலாற்றறிஞர் தொஷியோ குரோடா 1981இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். பல நூற்றாண்டுகள் கமி வழிபாடும் புத்த வழிபாடும் ஒரே வளாகத்தில் கலந்து நடைபெற்றன. 1868இல் மெய்ஜி அரசு பிறப்பித்த ஆணைகளே அவற்றைப் பிரித்தன. கலைமகள் புத்த சமயத்தின் வழியாக ஜப்பானுக்குச் சென்று ‘பென்சைத்தென்’ என வழிபடப்பெற்றாள். பிரிப்பாணையின்பின் எனோஷிமா போன்ற இடங்களில் அவள் வழிபாடு ஜப்பானியப் பெண் கமிகளின் பெயரில் மாற்றியமைக்கப்பட்டது. தெய்வத்தின் பெயரும் வகையும் அரசாணையால் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

‘ஷூக்யோ’ என்னும் ஜப்பானியச் சொல், மேலைநாட்டார் ‘மதம்’ எனக் கொண்ட கருத்தைக் குறிக்க மெய்ஜி காலத்தில்தான் பொதுவழக்கிற்கு வந்தது. நம்பிக்கை, நூல், அமைப்பு ஆகியவற்றை உடையதே ஷூக்யோ என ஆனபோது, நாள்தோறும் செய்யும் வழிபாடு அதற்கு வெளியே நின்றது. ஜப்பானிய அரசின் சமய ஆண்டறிக்கைகளில் ஷிண்டோவினர், புத்தர் ஆகியோரின் தொகையைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையாகிய ஏறத்தாழ 12.5 கோடியை விஞ்சுகிறது. ஒருவரே பிறப்பில் ஜின்ஜாவின் அடியாராகவும் இறப்பில் புத்த கோயிலின் குடும்பத்தாராகவும் எண்ணப்படுவதே இதற்குக் காரணம். ஜின்ஜா என்பது கமியின் கோயில்.

தமிழிலும் ‘சமயம்’ என்னும் சொல்லின் பழைய வழக்கு கொள்கையோடு தொடர்புடையது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் மணிமேகலை கேட்பவை அளவை, பொருள், முடிபு ஆகியன பற்றிய வாதங்கள். ஏரிக்கரைத் தெய்வத்திற்குப் பொங்கலிடுவதை அச்சொல் சுட்டாது. அதற்குப் படையல், சாத்து, கொடை, நோன்பு என வேறு சொற்கள் உள்ளன. இவ்வேறுபாட்டை நோக்க, ‘ஷிண்டோ மதம்’ என்னும் வழக்கமான மொழிபெயர்ப்பு பொருளைக் குறுக்குகிறது. ‘ஷிண்டோ வழிபாட்டு மரபு’ என்பது அதனினும் பொருந்தும்.

3. கமியும் அணங்கும்

கமி என்பதற்கு இலக்கணம் கூறியவருள் முதன்மையானவர் மொதோரி நொரிநாகா (1730 – 1801). கொஜிகிக்கு அவர் எழுதிய பேருரையில், தொன்னூல்களில் வரும் தெய்வங்களேயன்றி மனிதர், பறவை, விலங்கு, மரம், கடல், மலை ஆகியவற்றுள் இயல்பைக் கடந்த ஆற்றலுடையதாய் அச்சமும் வியப்பும் தருவது எதுவோ அது கமி என விளக்கினார். நன்மை தருவதோடு தீமை தருவதும் அவர் இலக்கணத்தில் அடங்கும்.

சங்க இலக்கியத்தின் ‘அணங்கு’ இதற்கு அணுக்கமான கருத்தாகும். மலை, சுனை, கடல்துறை, மரம், மகளிர், முரசு, படைக்கலம் எனப் பலவிடத்தும் அணங்கு உறைவதாகப் பாடல்கள் சுட்டுகின்றன. அது வருத்தும்; காக்கவும் செய்யும். ஜார்ஜ் எல். ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலில் அணங்கைப் புனித ஆற்றலாக விளக்கி, மகளிரோடு அதற்குள்ள தொடர்பை வலியுறுத்தினார். வி.எஸ். ராஜம் 1986இல் வெளியிட்ட கட்டுரையில், அச்சொல்லின் பொருட்பரப்பு அவ்வாறு சுருக்கப்பட்டதை மறுத்தார். இவ்விவாதம் ஷிண்டோ ஒப்பீட்டிற்கும் பயன்படும். கமியைக் ‘கடவுள்’ என ஒரு சொல்லால் பெயர்க்கும்போது நிகழும் சுருக்கமும் இத்தகையதே.

உறைவிடத்திலும் ஒப்புமை உண்டு. ஜின்ஜாவின் உள்ளறையில் பெரும்பாலும் உருவச்சிலை இராது. கண்ணாடி, வாள், மணி போன்ற பொருள் ஒன்று கமி தங்கும் ‘உடல்’ ஆகும். சில இடங்களில் மலையே அவ்வுடல். பழந்தமிழகத்தில் பொதியிலில் நட்ட கந்து என்னும் தூணும், மன்றத்து மரமும், நடுகல்லும் தெய்வம் உறையும் இடங்களாயின.

வேறுபாடும் கருதத்தக்கது. அணங்குபற்றிய செய்திகள் பெரிதும் அகப்புறப் பாடல்கள்வழி கிடைப்பவை; கமி வழிபாடோ பழங்கால முதலே அரசவையின் சடங்கு முறைக்குள் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆகவே கமி என்பது நாட்டார் வழக்கு மட்டும் அன்று. அரசு அதைத் தன்வயப்படுத்த இயன்றதற்கு இது ஒரு காரணம்.

4. நிலத்தைத் தொடங்குதல்: ஜிச்சின்சாயும் கால்கோளும்

ஜப்பானில் வீடோ ஆலையோ அரசுக் கட்டடமோ எழுப்புமுன் நடைபெறும் ஷிண்டோ சடங்கு ‘ஜிச்சின்சாய்’. நிலத்தை அமைதிப்படுத்தும் விழா என்பது அதன் பொருள். மனையின் நடுவே ஒரு சதுரம் வகுத்து, நான்கு மூலையிலும் இலையோடு கூடிய பச்சை மூங்கில் நட்டு, வைக்கோற் புரியால் சுற்றி வளைப்பர். உள்ளே பலகைமேல் சகாகி என்னும் பசுமரக் கிளையை நிறுத்துவர். அதுவே கமி இறங்கும் இடம். பூசகர் முதலில் வந்திருப்போரையும் காணிக்கைகளையும் தூய்மைப்படுத்துவார். பின்னர்க் கமியை வரவழைத்து, அரிசி, அரிசிமது, உப்பு, நீர், மீன், காய்கனி ஆகியவற்றைப் படைத்து, பழைய நடையில் அமைந்த வேண்டலை ஓதுவார். மனையின் நாற்புறமும் தூய்மை செய்யப்படும். மணற்குவியலில் நட்ட புல்லை அரிதல், மண்வெட்டியால் மூன்றுமுறை தோண்டுதல் ஆகியவற்றை மனைக்குரியவரும் கட்டுநரும் செய்வர். கமியை வழியனுப்பியபின் படைத்த மதுவை அனைவரும் பகிர்ந்து பருகுவர். இங்கு அழைக்கப்படுவோர் நிலத்துக்குரிய கமியும் அவ்வூர்க் காவற்கமியும் ஆவர். நிலம் ஏற்கெனவே ஒருவருக்கு உரியது, அவரிடம் இசைவு பெறவேண்டும் என்பதே சடங்கின் உட்கிடை.

தமிழகத்தில் இதற்கு இணையாக இன்று நடைபெறுவது பூமி பூசை. மனையின் வடகிழக்கில் குழி தோண்டி, செங்கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, நவதானியமும் பூவும் பாலும் சேர்த்து முதற்கல் வைப்பர். ஆகமவழி வந்தோர் வாத்துபுருடனை வழிபடுவர். ஊரார் எல்லைத் தெய்வத்திற்கும் தேங்காய் உடைப்பர். இரு சடங்குகளிலும் மூலையும் எல்லையும் குறித்தல், தூய்மை செய்தல், முதன்முறை மண்ணைத் தொடுதல், பகிர்ந்துண்ணல் ஆகிய நான்கு கூறுகள் பொதுவாக உள்ளன. வேறுபாடு காலத்தைப் பற்றியது. ஜிச்சின்சாயில் கமி வந்து, உண்டு, திரும்புகிறது. பூமி பூசையில் இட்ட பொருள்கள் கட்டடத்தின் அடியிலேயே நிலைத்துவிடுகின்றன. ஜப்பானிலும் காணிக்கைப் பொருளை மண்ணில் புதைக்கும் வழக்கம் உண்டு. ஆயினும் வழியனுப்புதலே சடங்கை முடித்துவைக்கிறது.

இத்தகைய விழாவைச் செந்தமிழில் ‘கால்கோள் விழா’ என்கிறோம். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் வழிபாட்டை ஆறு நிலைகளாகக் கூறுகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்பன அவை. சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்துக் காதைகளின் பெயர்களிலும் இவ்வரிசை அமைந்துள்ளது. தொடக்கம் என்னும் பொதுப்பொருளிலும் அச்சொல் வழங்கிற்று. எனினும், கல்லில் ஒருவரை நிலைநிறுத்தும் சடங்கின் பெயரே கட்டடத் தொடக்கத்தின் பெயராகவும் நிற்பது நோக்கத்தக்கது. சமயச்சார்பற்ற சொல்லாகக் கருதப்பட்டு அரசு அழைப்பிதழ்களிலும் அச்சிடப்படும் சொல்லுக்குள் பழைய வழிபாடு உறைந்திருக்கிறது. ‘வழக்கம்’ எனப்படுவது பெரும்பாலும் இவ்வாறு மறந்துபோன வழிபாடேயாகும்.

தொழிற்பகுதியில் இச்சடங்கின் பொருள் கூர்மை பெறுகிறது. தமிழகத்தில் தொழிலுக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்வழி நடைபெறுகிறது. அச்சட்டம் உரிமையாளரையும் இழப்பீட்டையும் அறியும். ஏரிக்கரைத் தெய்வத்திற்கும் ஊருக்கும் உள்ள உறவை அளக்க அதற்கு அளவுகோல் இல்லை. ஜப்பானும் இவ்விழப்பை அறிந்த நாடே. 1906இல் அரசு தொடங்கிய ஜின்ஜா இணைப்புத் திட்டத்தால் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 சிற்றூர் ஜின்ஜாக்கள் மறைந்தன. அவற்றைச் சூழ்ந்த காவற்காடுகளும் வெட்டப்பட்டன. இயற்கையறிஞரும் நாட்டார் வழக்காற்றியலாளருமான குமகுசு மினகதா (1867 – 1941) இத்திட்டத்தை எதிர்த்து, கோயிலோடு காடும் ஊர் ஒற்றுமையும் அழிவதை எடுத்துக்காட்டினார். ‘ஷிண்டோ நாடு’ எனத் தன்னை அழைத்துக்கொண்ட அரசே சிறுகமிகளின் இருப்பிடத்தை அழித்தது. இடத்தோடு பிணைந்த வழிபாட்டுக்கு இடத்தை இழப்பதே முழு இழப்பு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. தொழிற்பூங்காக்கள் எழும் ஊர்களின் கோயில்களையும் கோயிற்காடுகளையும் பதிவுசெய்வது இக்காரணத்தால் தமிழாய்வின் உடனடிக் கடமையாகிறது.

5. கருவிக்குச் செய்யும் சிறப்பு

புரட்டாசி – ஐப்பசியில் வரும் ஆயுத பூசையன்று தமிழகத்துத் தொழிற்கூடங்களில் எந்திரங்கள் நிறுத்தித் துடைக்கப்படும். சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, பொரி, கடலை, சுண்டல் படைத்து, வாயிலில் வெண்பூசணி உடைப்பர். அந்நாளில் கருவியை வேலைக்கு எடுப்பதில்லை. தச்சரின் உளி முதல் கணினி வரை இச்சிறப்பிற்கு உரியன.

படைக்கலத்துக்குச் சிறப்புச் செய்தல் தமிழ் இலக்கண மரபில் பழமையானது. வெற்றிபெற்ற அரசனின் வாளை நீராட்டிப் போற்றுவதை ‘வாள்மங்கலம்’ எனத் தொல்காப்பியம் துறையாக வகுக்கிறது. நல்ல நாளில் வாளைப் புறவீடு விடுதலை ‘வாள்நாட்கோள்’ எனப் பின்னைய புறப்பொருள் இலக்கணம் சுட்டுகிறது. இத்துறைகளிலிருந்து இன்றைய ஆயுத பூசை நேராக வந்தது எனக் கூறச் சான்றில்லை. நவராத்திரி மரபு அதற்கு வேறொரு மூலமாகும். ஆயினும் செயலில் பங்குகொண்ட பொருளுக்கு மங்கலம் செய்யும் மனப்பாங்கு இம்மொழியில் நெடுங்காலமாக உண்டு என்பது தெளிவு.

ஜப்பானில் கொல்லர்களும் வார்ப்பு வேலையரும் நவம்பர் 8ஆம் நாள் ‘ஃபுய்கோ மட்சுரி’ என்னும் துருத்தி விழாவைக் கொண்டாடினர். அன்று உலை ஓய்வுபெறும். துருத்தி தூய்மை செய்யப்படும். பிப்ரவரி 8ஆம் நாளிலும் சில இடங்களில் டிசம்பர் 8ஆம் நாளிலும் நடைபெறும் ‘ஹரி குயோ’வில், ஒடிந்த ஊசிகளை மென்மையான சோயாக் கட்டியில் செருகி நன்றி கூறி விடைகொடுப்பர். இது ஜின்ஜாக்களிலும் புத்த கோயில்களிலும் நடைபெறும். நூறாண்டு பழகிய கருவி உயிர்பெறும் என்னும் நம்பிக்கையும் இடைக்காலக் கதைகளில் உண்டு. புதிய பெருந்தொழிலும் இம்மரபை விடவில்லை. டொயோட்டா நிறுவனத்துக்குரிய ஹோகோ ஜின்ஜாவில் உலோகத்துக்குரிய கமிகளாகிய கனயமஹிகோவும் கனயமஹிமேயும் வழிபடப்பெறுகின்றனர். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ‘கமிதனா’ என்னும் சிறு தெய்வமாடம் வைத்தல் ஜப்பானில் பரவலான வழக்கம்.

இங்கு ஒரு நுண்ணிய வேறுபாடு தோன்றுகிறது. ஆயுத பூசை பயன்பாட்டில் உள்ள கருவியைப் போற்றுகிறது. ஹரி குயோ பயன் தீர்ந்த கருவிக்கு விடைகொடுக்கிறது. முன்னது வரும் ஆண்டின் வேலைக்கான மங்கலம். பின்னது முடிந்த வேலைக்கான நன்றிக்கடன். எனினும், கருவி மனிதனின் விருப்பத்துக்கு மட்டும் உட்பட்ட பொருள் அன்று என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன. கலைமகள் பூசையும் ஆயுத பூசையும் ஒரே நாளில் அமைவதால், ஒரகடத்து ஆலையில் அன்று போற்றப்படும் தெய்வமும் எனோஷிமாவில் பென்சைத்தென் எனப்பட்ட தெய்வமும் மூலத்தில் ஒருவரே என்பதும் நினைக்கத்தக்கது. இவ்வோரிடத்தில் மட்டும் ஒற்றுமை வரலாற்றுத் தொடர்பாலும் அமைந்தது.

6. ‘சமயம் அன்று’ என்னும் கூற்றின் வரலாறு

மேற்கண்ட சடங்குகளில் பங்கேற்போர் எதையும் நம்புவதாக அறிக்கையிட வேண்டுவதில்லை; வந்து நின்று, வணங்கி, பகிர்ந்துண்டால் போதும். ஆகவே, இவை சமயம் அன்று, வழக்கமே எனக் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் அவ்வுண்மை அரசின் கையில் வேறு உருப்பெற்றதை ஜப்பானிய வரலாறு காட்டுகிறது.

1889இல் வெளியிடப்பட்ட மெய்ஜி அரசியலமைப்பு, பொது அமைதிக்கும் குடிமக்கள் கடமைக்கும் முரணாகாத எல்லைக்குள் சமய உரிமையை வழங்கியது. 1900இல் உள்துறை அமைச்சகம் ஜின்ஜாக்களுக்கு ஒரு பிரிவும் சமயங்களுக்கு வேறொரு பிரிவும் அமைத்தது. ஜின்ஜா வழிபாடு சமயம் அன்று, குடிமைக் கடமை என்பது அரசின் நிலைப்பாடாயிற்று. சமயம் அன்று ஆகவே, அதைக் கட்டாயமாக்குவது சமய உரிமையை மீறாது என்னும் முடிபு அதன் உடன்விளைவு. 1932இல் டோக்கியோவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான சோஃபியாவின் மாணவர் சிலர் யசுகுனி ஜின்ஜாவில் வணங்க மறுத்தது பெரும் நெருக்கடியாயிற்று. 1936இல் வத்திக்கான், அவ்வணக்கத்தை நாட்டுப்பற்றின் செயலாகக் கொண்டு கத்தோலிக்கர் பங்கேற்க இசைவளித்தது. ஜப்பானின் ஆட்சியிலிருந்த கொரியாவில் ஜின்ஜா வணக்கத்தை மறுத்த கிறித்தவப் போதகர் பலர் சிறைப்பட்டனர்; சூ கி-சோல் 1944இல் சிறையிலேயே இறந்தார்.

தமிழருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானின் பிடியிலிருந்த சிங்கப்பூர் ‘சியோனான்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. அங்கு மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தை அடுத்த காட்டில் போர்க்கைதிகளின் உழைப்பால் சியோனான் ஜின்ஜா எழுப்பப்பட்டது. 1945இல் தோல்வியுற்றபோது ஜப்பானியரே அதை அழித்தனர். அக்காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிகளிலும் பொதுக்கூட்டங்களிலும் டோக்கியோ அரண்மனைத் திசை நோக்கி வணங்குதல் நடைமுறையாயிற்று. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் – பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் இதே ஆட்சியில்தான். தமிழர் பெருந்திரளாக ஷிண்டோ வழக்கத்தை எதிர்கொண்ட களம் ஆணையின் களமாக இருந்தது. இன்று ஒரகடத்தில் நிகழும் சந்திப்பு வணிகத்தால் அமைந்தது. இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பிழை. ஆயினும் ‘வழக்கம்’ என்னும் சொல் எதைச் சுமக்க வல்லது என்பதை அறிய முன்னதை மறவாமை வேண்டும்.

நேச நாடுகளின் ஆட்சி 1945 டிசம்பர் 15இல் பிறப்பித்த ஆணை, அரசுக்கும் ஷிண்டோவுக்கும் இருந்த பிணைப்பை அறுத்தது. 1946இல் பெரும்பாலான ஜின்ஜாக்கள் தனியார் கூட்டமைப்பு ஒன்றில் இணைந்தன. 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 20, 89ஆம் பிரிவுகள் சமய உரிமையையும் அரசு – சமயப் பிரிவினையையும் உறுதிசெய்தன. இன்று நாட்டில் ஏறத்தாழ 80,000 ஜின்ஜாக்கள் உள்ளன.

7. நீதிமன்றங்களின் நோக்கு

மியே மாநிலத்து ட்சு நகராட்சி, 1965 ஜனவரியில் நகர உடற்பயிற்சிக்கூடத்துக்கு ஜிச்சின்சாய் நடத்தி 7,663 யென் செலவிட்டது. தொகை சிறிது, வழக்கு 12 ஆண்டுகள் நீடித்தது. நகோயா உயர் நீதிமன்றம் 1971இல் அச்செலவு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. உச்ச நீதிமன்றம் 1977 ஜூலை 13இல், 10 நீதிபதிகள் ஒருபுறமும் 5 நீதிபதிகள் மறுபுறமுமாக அதை மாற்றியது. சடங்கின் நோக்கமும் விளைவும் நோக்கப்படவேண்டும். கட்டடப்பணி இடையூறின்றி நடைபெறச் செய்யும் இச்சடங்கு பொதுமக்களின் பார்வையில் சமூக வழக்கமே என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. மாறுபட்டோர் சிறுபான்மையினரின் மனச்சான்றைப் பெரும்பான்மையின் பழக்கத்தால் அளக்கக் கூடாது என்றனர்.

இதே அளவுகோல் 1997இல் வேறு முடிவைத் தந்தது. எஹிமே மாநில அரசு யசுகுனி ஜின்ஜாவுக்குப் பொதுப்பணத்திலிருந்து காணிக்கை அளித்தது அரசியலமைப்புக்கு முரணானது என 13 நீதிபதிகள் கூறினர், இருவர் மாறுபட்டனர். இடையே 1988இல், பணியில் இறந்த தற்காப்புப் படை வீரர் ஒருவரை அவருடைய கிறித்தவ மனைவியின் விருப்பத்துக்கு மாறாக ஜின்ஜாவில் கமியாகச் சேர்த்தது பற்றிய வழக்கில், பிறருடைய வழிபாட்டை மனைவி பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றையும் சேர்த்து நோக்கினால், ‘வழக்கம்’ என்னும் வகைப்பாடு அரசின் செலவைப் பற்றிய வினாவுக்கு விடையளிக்கக்கூடும். விருப்பமற்ற ஒருவரின் நிலையைப் பற்றிய வினாவுக்கு அதனால் விடையளிக்க இயலவில்லை என்பது புலனாகும்.

இந்தியாவிலும் இணையான வழக்கு எழுந்தது. குஜராத் உயர் நீதிமன்றக் கட்டடத்துக்கு 2010இல் நடைபெற்ற பூமி பூசையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை அந்நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. நிலத்திடம் பொறுத்தருள வேண்டி, பணி நன்கு முடியவும் அனைவர் நலனுக்காகவும் செய்யும் செயல் சமயச்சார்பின்மைக்கு மாறாகாது என்பது அதன் கருத்து. ட்சு வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்போடு இது பெரிதும் ஒத்துச் செல்கிறது. நிலத்திடம் பொறுத்தருள வேண்டுதல் என்னும் விளக்கம் ஜிச்சின்சாயின் உட்கிடையோடும் பொருந்துவது குறிப்பிடத்தக்கது.

8. தொழிற்பகுதிக்குப் பொருந்துவன

தொழிற்சாலை என்பது ஊர் அன்று. ஊர்ச்சடங்கில் பங்கேற்போர் பிறப்பாலும் வாழ்விடத்தாலும் அத்தெய்வத்தோடு தொடர்புடையோர். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் ஆலைகளில் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வட, கிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த இந்து, இசுலாமிய, கிறித்தவத் தொழிலாளர் அருகருகே பணிபுரிகின்றனர். வழிபாட்டை ஏற்காதாரும் உளர். ஒப்பந்த முறையில் பணிபுரிவோருக்கு மேலாளரின் சொல் ஊர்ப்பெரியவரின் சொல்லினும் வலிது. ஆகவே ஊரில் இயல்பாக நிகழ்வது ஆலையில் அவ்வாறே நிகழும் எனக் கொள்ள இயலாது.

இந்நிலையில் இரு மரபுகளிலிருந்தும் மூன்று அளவுகோல்களைப் பெறலாம். முதலாவது, விலகி நிற்கும் உரிமை. சடங்கில் கலவாதவர் அதனால் வேலையிலோ மதிப்பிலோ இழப்புறாராயின், அதை வழக்கம் என்னலாம். இழப்புறுவாராயின், பெயர் எதுவாயினும் அது கட்டாயமே. இரண்டாவது, பகிர்வின் எல்லை. படையலுக்குமுன் நிற்க விரும்பாதவரும் பொரியையும் சுண்டலையும் பெறுவது தமிழ்த் தொழிற்கூடங்களின் நல்ல வழக்கம். வழிபாட்டையும் விருந்தையும் பிரித்தறியும் இவ்விணக்கம் சட்டம் தராத ஒன்றைத் தருகிறது. மூன்றாவது, நிலத்தின் முன்னை உரிமை. நிலத்திடம் இசைவு கேட்பது ஜிச்சின்சாயின் பொருளானால், அந்நிலத்தில் முன்பு வழிபட்டோரின் கோயிலுக்குச் செல்லும் வழியைக் காப்பதும் அச்சடங்கின் தொடர்ச்சியே.

9. முடிவுரை

ஷிண்டோ ஜப்பானியப் பண்பாட்டில் பெற்றுள்ள இடம், அது போதிக்கும் கொள்கையால் அமைந்ததன்று. நிலத்தைத் தொடும்போதும் கருவியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அது உடன் நிற்பதால் அமைந்தது. தமிழர் வாழ்வில் இவ்விடத்தை நிரப்புவது தத்துவச் சமயங்களைவிட ஊர்த்தெய்வ வழிபாடும் தொழிற்சடங்குமே ஆகும். அணங்கு, கந்து, கால்கோள், வாள்மங்கலம் என்னும் சொற்கள் கமி மரபை விளக்கத் தமிழுக்குள்ளேயே கிடைக்கும் கருவிகள். இரவல் கலைச்சொற்களைவிட இவை துல்லியமானவை.

அதே நேரத்தில் ‘இது சமயம் அன்று’ என்னும் கூற்றை ஆய்வாளர் அப்படியே ஏற்றல் தகாது. அக்கூற்று சடங்கின் அமைப்பைச் சரியாகக் கூறுகிறது. சடங்கின் முன் நிற்பவரின் நிலையைக் கூறுவதில்லை. 1900க்கும் 1945க்கும் இடைப்பட்ட ஜப்பான் முன்னதைக் கொண்டு பின்னதை மறைத்தது. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் போன்ற பகுதிகளில் வழிபாட்டை ஆராய்வோர் சடங்கின் வகையோடு, அதை நடத்துவோர் யார், வராதவருக்கு நேர்வது யாது, அந்நிலத்தில் முன்பிருந்த தெய்வம் இப்போது எங்கே உள்ளது என்னும் மூன்றையும் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவே தமிழ் – ஜப்பானிய ஒப்பாய்வை மூலந்தேடும் நிலையிலிருந்து வாழ்வை விளக்கும் நிலைக்கு உயர்த்தும்.